பழைய செவர்லே குரூஸ் வாங்குவது எப்படி: வடிவமைப்பைப் புரிந்துகொண்டு பழுதைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் முதல் கார் தேடுபவர்கள் கொரோலா, சிவிக் என்றுதான் ஆரம்பிப்பார்கள். விலையைப் பார்த்ததும் கொஞ்சம் கீழே இறங்கி வருவார்கள். அங்கே தவறாமல் கண்ணில் படுவது செவர்லே குரூஸ். அதே வயது, அதே மைல் ஓடிய ஜப்பான் காரைவிட விலை கணிசமாகக் குறைவாக இருக்கும். பார்க்க லட்சணமான கார். கதவைச் சாத்தினால் கனமான சத்தம் கேட்கும், நெடுஞ்சாலையில் அலுங்காமல் போகும்.

அப்புறம் ஏன் இவ்வளவு மலிவு? பழுது வரும் என்ற கெட்ட பெயர்தான் காரணம். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் குரூஸில் ஒரு வசதி உண்டு. அதன் பழுதுகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் வரும். இந்தக் காரை ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்று தெரிந்தால், எங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நல்ல குரூஸை மலிவாக வாங்க முடியும். மோசமான குரூஸை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் நஷ்டம்தான்.

படி 1: எந்த குரூஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் விற்ற குரூஸ் இரண்டு தலைமுறை. முதல் தலைமுறை 2010 செப்டம்பரில், 2011 மாடலாக விற்பனைக்கு வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் தயாரானது. வேகா, கேவலியர், கோபால்ட் என்று செவர்லேயின் சின்ன கார்களை வரிசையாகக் கட்டிய ஆலை அது. இரண்டாம் தலைமுறை 2016 மாடலில் தொடங்கி 2019 மார்ச்சில் லார்ட்ஸ்டவுன் உற்பத்தியை நிறுத்தியதோடு முடிந்தது.

2016-இல் ஒரு குழப்பம் உண்டு. அந்த ஆண்டு பழைய உடலையே 'குரூஸ் லிமிடெட்' என்ற பெயரில், முக்கியமாக வாடகை நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் விற்றார்கள். 'லிமிடெட்' என்றதும் உயர்ந்த ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கார், பழைய எஞ்சின். 2016 என்று விளம்பரம் பார்த்தால் முதலில் படத்தை உற்றுப் பாருங்கள்.

முதல் தலைமுறையில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். அடிப்படை எல்.எஸ். ரகத்தில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.8 லிட்டர். மற்றவற்றில் 1.4 லிட்டர் டர்போ. இரண்டுக்கும் 138 குதிரைத் திறன்தான், ஆனால் டர்போவின் இழுவிசை கீழ் வேகத்திலேயே வந்துவிடுவதால் ஓட்ட அதுதான் சுகம். 1.8-க்கு அந்தச் சுகம் இல்லை. கூடவே டர்போவின் தொல்லைகளில் பாதியும் இல்லை. அதில் எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது, சுமார் 1 லட்சம் மைலில் மாற்ற வேண்டும். 1.4-இல் இருப்பது செயின்.

டீசல் குரூஸும் கொஞ்சம் விற்றது. அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் சின்ன டீசல் காரைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலைவதே பெரிய வேலை. ஊரில் குரூஸ் ஓட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: 2009-இல் இந்தியாவுக்கு வந்தது 2 லிட்டர் டீசல் கார். அதை வைத்து மாமாவோ சித்தப்பாவோ சொல்லும் அறிவுரை இந்த 1.4 டர்போவுக்குப் பொருந்தாது.

படி 2: இந்தக் காரின் வடிவமைப்பைப் படியுங்கள்

கோபால்ட் மலிவுக் காராகவே பிறந்து, மலிவுக் காராகவே தெரிந்த கார். குரூஸ் அந்தப் பேரை மாற்ற வந்தது. கொரியாவிலும் ஜெர்மனியிலும் இருந்த ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) குழுக்கள் சேர்ந்து உலகச் சந்தைக்காக உருவாக்கியது. அமெரிக்கா வருவதற்கு முன்பே, 2008 முதல் கொரியாவில் தயாரானது. அமெரிக்காவில் ஆரம்ப விலை, டெலிவரிக் கட்டணத்தோடு 16,995 டாலர்.

அந்த விலைக்குள் பணத்தை எங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சக்கரங்கள் நான்கு மூலைக்கும் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. கூரை ஒரே வளைவாக டிக்கி வரை இறங்குகிறது. அதனால் பக்கவாட்டில் பார்த்தால் இருப்பதைவிடப் பெரிய காராகத் தெரியும். சக்கர இடைவெளி 105.7 அங்குலம், மொத்த நீளம் 181 அங்குலம். உள்ளே டேஷ்போர்டில் பிளாஸ்டிக்குக்கு நடுவே இருக்கைத் துணியையே ஒட்டியிருப்பார்கள். அந்த விலைக் காரில் அப்போது அரிதான காரியம். பத்து ஏர்பேக்குகள், முன்னால் உட்காரும் இருவரின் முழங்காலுக்கும் சேர்த்து. உடலில் பெரும்பகுதி உறுதி கூடிய எஃகு. எடை சுமார் 3,100 பவுண்டு, அன்றைய சிவிக்கைவிடச் சில நூறு பவுண்டு கூடுதல்.

சத்தம் இல்லாத, கனமான, பாதுகாப்பான உடல். அதே நேரம் எரிபொருள் கணக்கில் போட்டியாளர்களை மிஞ்ச வேண்டும். இரண்டையும் சேர்க்க வழி ஒன்றுதான்: சின்ன எஞ்சினில் டர்போ மாட்டுவது. 1.4 லிட்டர் எஞ்சின் கனமான காரை இழுக்கிறது. எப்போதும் அழுத்தத்திலும் சூட்டிலும் வேலை செய்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மூடிகள், குழாய் இணைப்புகள், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) செல்லும் வாய்கள் எல்லாம் எடையும் செலவும் குறைய வேண்டும் என்று பிளாஸ்டிக்கில் செய்தவை. சூடும் அழுத்தமும் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று யோசியுங்கள். இனி வரும் படிகளில் பாதி அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

இந்த எடைச் சிக்கனத்தின் உச்சம் 'ஈக்கோ' ரகம். காற்று தேவைப்படாதபோது கீழ் கிரில்லைத் தானே மூடிக்கொள்ளும் தகடுகள், எடை குறைந்த ஃபோர்ஜ்டு சக்கரங்கள், சற்றே தாழ்ந்த உடல். வெல்டு விளிம்புகளைக்கூட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருக்கி எடையைச் சேமித்தார்கள். மேனுவல் கியர் ஈக்கோவுக்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 42 மைல் என்று அரசு மதிப்பீடு. லிட்டருக்குச் சுமார் 18 கி.மீ. கிளட்ச் மிதிக்கத் தயங்காதவர் என்றால் முதல் தலைமுறையில் நான் கைகாட்டுவது இதைத்தான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எடையைக் குறைப்பதற்காக ஸ்பேர் டயரையும் எடுத்துவிட்டார்கள்.

படி 3: நேரில் போகும் முன் காகிதத்தைப் பாருங்கள்

விற்பவரிடம் காரின் அடையாள எண்ணான 17 எழுத்து வி.ஐ.என். எண்ணை வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த காரைப் பார்க்கலாம். முதல் இடத்தில் 1 இருந்தால் அமெரிக்கத் தயாரிப்பு. பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு: 'பி' என்றால் 2011, 'சி' 2012, அப்படியே வரிசையாகப் போய் 'ஜி' என்றால் 2016.

அந்த எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால்கள் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது) இலவசமாகத் தெரியும். குரூஸுக்கு இது முக்கியம். 2011-12 கார்களில் எஞ்சினுக்கு அடியில் உள்ள தடுப்புத் தகட்டில் எண்ணெய் தேங்கித் தீப்பிடிக்கலாம் என்று 2012-இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு மாடல்களில் 1.4 எஞ்சினும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்தவற்றுக்கு பிரேக் உதவி இடையிடையே குறையும் பிரச்சினைக்காக 2013-இல் ஒரு ரீகால். 2013-14 மாடல்களில் வலது முன் ஆக்சில் தண்டுக்காக இன்னொன்று. எந்த ரீகால் நிலுவையில் இருந்தாலும் செவர்லே டீலர் இலவசமாகச் செய்து கொடுப்பார். அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம். ஆனால் இத்தனை வருடம் அதைக்கூடச் செய்யாத உரிமையாளர் எண்ணெய் மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) சுத்தமாக இருக்க வேண்டும். 'சால்வேஜ்' (பெரிய சேதத்தால் ஒதுக்கப்பட்டது), 'ரீபில்ட்' (அப்படி ஒதுக்கியதைச் சரிசெய்தது) என்று இருந்தால், புதிதாக வந்தவர்கள் விலகிப் போவது நல்லது. தனிநபர் விற்றால் டைட்டிலில் உள்ள பெயரும் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். "நண்பருடைய கார், அவர் ஊரில் இல்லை" என்ற கதையைக் கேட்டதும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

படி 4: எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள்

"காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ சத்தத்தையோ புகையையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலண்ட் தொட்டி. பானட்டைத் திறந்தால் ஒரு பக்கமாகத் தெரியும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் தொட்டி. ஆரஞ்சு நிற கூலண்ட் கோடு வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் "போன வாரம்தான் ஊற்றினேன்" என்பார்கள். போன வாரம் ஊற்றியது எங்கே போனது என்று அவர்தான் சொல்ல வேண்டும். குரூஸில் கூலண்ட் தானாகக் குறையாது, கசிந்தால்தான் குறையும். கசியும் இடங்கள் மூன்று. முதலாவது, பெல்ட் ஓடும் பக்கத்தில் இருக்கும் வாட்டர் பம்ப். அங்கே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்ததுபோல் காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பம்ப் அவ்வளவு பேருக்குப் போனதால் ஜி.எம். நிறுவனமே 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைல் வரை சிறப்பு உத்தரவாதம் கொடுத்தது. இன்று பெரும்பாலான கார்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. இரண்டாவது, சிலிண்டர் ஹெட்டிலிருந்து கூலண்ட் வெளியேறும் பிளாஸ்டிக் வாய்; விரிசல் விட்டுக் கசியும். மூன்றாவது, தொட்டியும் அதன் குழாய் இணைப்புகளும். காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டதும் இனிப்பு கலந்த வாடை வந்தால், கண்ணில் படாவிட்டாலும் எங்கோ கசிகிறது.

படி 5: பி.சி.வி. சோதனை (1.4 டர்போ வாங்குபவர்கள் இதை விடவே கூடாது)

எந்த எஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்கு (எஞ்சினின் அடிக்கூடு) கசியும். அதைத் திரும்ப எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக்குக்கு இழுத்து எரிப்பதுதான் பி.சி.வி. அமைப்பின் வேலை. டர்போ எஞ்சினில் ஒரு சிக்கல். சும்மா நிற்கும்போது இன்டேக்கில் உறிஞ்சும் விசை இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அது அழுத்தமாக மாறும். அந்த அழுத்தம் பின்வழியாக கிராங்க்கேஸுக்குள் போகாமல் தடுக்க, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) சின்னதாக ஒரு ஆரஞ்சு நிற ரப்பர் வால்வு வைத்திருக்கிறார்கள். அது காலப்போக்கில் பிய்ந்து எஞ்சினுக்குள் போய்விடும். அப்புறம் டர்போவின் அழுத்தம் நேராக கிராங்க்கேஸில் ஏறி, எஞ்சின் மேல் மூடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வைக் கிழிக்கும், சீல்களில் எண்ணெயைக் கசிய வைக்கும்.

பார்ப்பது எப்படி? எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விடுங்கள். தளர்ந்த சட்டைக் கையையும் நீளமான முடியையும் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் மேல் மூடியில் வட்டமான ஒரு தட்டு தெரியும். அதன் ஓரத்தில் மிகச் சின்ன ஓட்டை. அங்கே காதை அருகில் கொண்டுபோனால் 'ஸ்ஸ்' என்று சீறல் கேட்கிறதா? விரலை வைத்தால் இழுக்கிறதா, சத்தம் மாறுகிறதா? அப்படியானால் சவ்வு கிழிந்துவிட்டது.

அடுத்தது எஞ்சினை அணைத்துவிட்டு, விற்பவர் சம்மதித்தால் மட்டும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து டர்போவை நோக்கிப் போகும் நெளிநெளியான கருப்புக் குழாயை மேனிஃபோல்டு பக்கத்தில் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்னக் காம்பு தெரிந்தால் வால்வு இருக்கிறது. வெறும் கருப்புப் பிளாஸ்டிக் மட்டும் தெரிந்தால் போய்விட்டது.

இரண்டும் நன்றாக இருந்தால் சந்தோஷம். மேல் மூடி மட்டும் போயிருந்தால் அதை மாற்றுவது பெரிய செலவில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஆனால் வால்வை விட்டுவிட்டு மூடியை மட்டும் மாற்றினால் புது மூடியும் கிழியும். பலர் இதைத்தான் செய்கிறார்கள். விற்பவர் "மூடியை இரண்டு தரம் மாத்தியாச்சு" என்று பெருமையாகச் சொன்னால், மேனிஃபோல்டைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். மேனிஃபோல்டு மாற்றச் சில நூறு டாலர் ஆகும். வெளியே தடுப்பு வால்வு பொருத்தும் கிட்டுகளும் கிடைக்கின்றன. அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 6: ஸ்கேனரை மாட்டுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டி, செல்போனில் படிக்கும் சின்ன ஸ்கேனர் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும் மாட்டுங்கள். பி0171 (எரிபொருள் கலவை மெலிவு), பி0299 (டர்போ அழுத்தம் போதவில்லை), பி1101 (காற்று அளவுக் கோளாறு) ஆகியவை தனித்தனியாகவோ சேர்ந்தோ வந்தால் மேலே சொன்ன பி.சி.வி. கதைதான் முதல் சந்தேகம். குறியீடே இல்லாமல், உமிழ்வுச் சோதனை மானிட்டர்கள் (புகைக் கட்டுப்பாட்டைக் கார் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) எல்லாம் 'தயாராகவில்லை' என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன்தான் யாரோ பழுதுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

கூலண்ட் வெப்பத்தையும் பாருங்கள். இந்த எஞ்சினைச் சூடாகவே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். 105 டிகிரி செல்சியஸ் பக்கம் காட்டினால் பதற வேண்டாம். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

குறைந்தது அரை மணி நேரம், நெடுஞ்சாலையும் சிக்னல் சாலையும் சேர்த்து. ஆட்டோமேட்டிக்கில் இரண்டாவது, மூன்றாவது கியருக்கு நடுவே வெட்டுகிறதா, நிற்கப்போகும் வேகத்தில் பின்னாலிருந்து தள்ளுகிறதா என்று கவனியுங்கள். ஆரம்ப ஆண்டுக் கார்களில் இந்தத் தயக்கம் பரவலாக இருந்தது. லேசான தயக்கம் என்றால் கியர் எண்ணெய் மாற்றினாலே சரியாகலாம். அதிர்ந்து குலுங்கினால் வேண்டாம். கியர் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் மாற்றத் தேவையில்லை" என்று பதில் வந்தால், மாற்றியதே இல்லை.

மேட்டில் முழுதாக மிதியுங்கள். டர்போ ஏறும்போது இழுவை சீராக வர வேண்டும். திரும்பி வந்து எஞ்சினை அணைத்ததும் டர்போவுக்குப் பக்கத்தில் எண்ணெய் கருகும் வாடை வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் குழாய்க் கசிவும், எண்ணெய் கூலர் கசிவும் அங்கேதான் வரும்.

ஓடும்போது டேஷ்போர்டு விளக்குகள் ஒரு நொடி மின்னி மறைந்தாலோ, ரேடியோ அணைந்து எரிந்தாலோ பெரிய மின்கோளாறு என்று பயப்பட வேண்டாம். முதல் தலைமுறையில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் முனை தளர்வது தெரிந்த விஷயம். கேபிளை மாற்றினால் போதும். இதைச் சொல்லிப் பயந்தவர்போல் நடித்துக் கொஞ்சம் விலை குறைப்பது உங்கள் சாமர்த்தியம்.

படி 8: அடியில் குனிந்து பாருங்கள்

ஒஹாயோ, மிச்சிகன், நியூயார்க் போன்ற பனி மாநிலங்களில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். கதவுக்குக் கீழே உள்ள ஓரம், பிரேக் குழாய்கள், பின் சஸ்பென்ஷன் இணையும் இடம் மூன்றையும் பாருங்கள். மேலே துரு என்றால் பரவாயில்லை. விரலால் அழுத்தினால் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

படி 9: இரண்டாம் தலைமுறை வாங்குபவர்களுக்கு

2016-19 கார் இலகுவானது, சற்று நீளமானது, உள்ளே இன்னும் நன்றாக இருக்கும். எஞ்சின் அதே 1.4 லிட்டர் டர்போ என்றாலும் முழுக்கப் புதிது: நேரடி எரிபொருள் பீய்ச்சல், 153 குதிரைத் திறன். பழைய ஆரஞ்சு வால்வுக் கதை இதில் இல்லை. இதற்கென்று வேறு கதை இருக்கிறது: பிஸ்டன் விரிசல். குறைந்த வேகத்தில் அதிக இழுவை கேட்கும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைப்பது இந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவான ஆபத்து. ஐடிலில் எஞ்சின் தடுமாறினால், ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஃபயர் ஆவதாக (சரியாக எரியாததாக) ஸ்கேனர் சொன்னால், கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை) செய்யாமல் பேச்சே வேண்டாம். சர்வீஸ் ரசீதுகளில் 'டெக்சோஸ் 1 ஜென் 2' (ஜி.எம். வகுத்த எஞ்சின் எண்ணெய்த் தரம்) எண்ணெய் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்த முன்வெடிப்பைக் குறைக்கவென்றே வந்த தரம் அது, அதற்குப் பிந்தைய தரமும் சரிதான்.

சிக்னலில் எஞ்சின் தானாக அணையும் வசதியும் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் அதை நிறுத்தப் பொத்தான் கிடையாது. சிலருக்கு இது பெரிய எரிச்சல், ஓட்டிப் பார்க்கும்போதே உங்களுக்கு எப்படி என்று தெரிந்துவிடும்.

படி 10: மெக்கானிக், விலை, முதல் மாதம்

இவ்வளவும் தேறினால் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நூறு, இருநூறு டாலர் கேட்பார்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதற்கே அந்தப் பணம் தகும். அவர் தரும் பழுதுப் பட்டியலை அப்படியே விற்பவர் முன் வைத்துப் பேசுங்கள். இன்சூரன்ஸ் விலையை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். அமெரிக்காவில் உரிமம் எடுத்துக் கொஞ்ச காலமே ஆனவர்களுக்கு அந்தத் தொகை தலைசுற்ற வைக்கலாம்.

வாங்கியதும், விற்பவர் என்ன சொன்னாலும், எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். 1.4 எஞ்சினுக்கு நாலு குவார்ட்டுக்குச் சற்று மேல்தான் எண்ணெய் பிடிக்கும். இருக்கும் கொஞ்ச எண்ணெயைத்தான் டர்போவும் சுட வைக்கிறது, ஆகவே காரின் திரை 'எண்ணெய் ஆயுள் மிச்சம்' எவ்வளவு என்று காட்டினாலும் 5,000 மைலுக்கு மேல் இழுக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள், பிறகு 50,000 மைலுக்கு ஒருமுறை போதும். இதில் டிப்ஸ்டிக் இல்லாததால் அளவு பார்க்கத் தெரிந்த கடையில் செய்வது நல்லது. கூலண்ட் தொட்டியின் அளவை மார்க்கரால் கோடு போட்டு வைத்து, முதல் மாதம் வாரம் ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் வெறுமனே ஊற்றிக்கொண்டே இருக்காமல், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.